சட்டத்தின் வாசலில் காஃப்கா

வணக்கம் நண்பர்களே. பிரான்ஸ் காஃப்காவைப் பற்றிப் பேச்செடுக்கும் போதெல்லாம், "அவர் நாவல்களில் யூதர் என்ற சொல்லையே தேடத்தான் வேண்டியிருக்கிறது, பிறகு ஏன் அவரை யூத எழுத்தாளர் என்கிறீர்கள்?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். நியாயமான கேள்வி. இன்று இதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

1883இல் பிராக் நகரில், ஜெர்மன் பேசும் யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். கிராமத்திலிருந்து வந்து வியாபாரத்தில் முன்னேறியவர் தந்தை ஹெர்மன். 1919இல் அவருக்கு எழுதி, கடைசிவரை அவர் கைக்குப் போய்ச் சேராத அந்த நீண்ட கடிதத்தில், ஆண்டுக்கு நான்கு நாள் ஜெப ஆலயத்துக்குப் போய்வருவதோடு முடிந்துவிடும் யூதத்தைத்தான் நீங்கள் எனக்குக் கொடுத்தீர்கள் என்று காஃப்கா மனம் வெதும்புகிறார். அதே கடிதத்தில் இன்னொரு காயமும் இருக்கிறது. 1911இல் லெம்பெர்க்கிலிருந்து (இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரம்) வந்த, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் நடிக்கும் நாடகக் குழு ஒன்று, பிராகின் சவோய் காபிக்கடையில் நாடகம் நடத்தியது. காஃப்கா இரவுக்கு இரவு அங்கே போய் உட்கார்ந்தார். இட்ஸாக் லோவி என்ற நடிகர் அவருக்கு நெருங்கிய நண்பரானார். லோவியை அறியாமலேயே அவரைத் தந்தை 'உங்கெட்ஸீஃபர்' என்ற சொல்லோடு ஒப்பிட்டதாகக் கடிதம் சொல்கிறது. அருவருப்பான பூச்சி புழுவைக் குறிக்கும் சொல் அது. 1912இன் இறுதியில் எழுதிய 'உருமாற்றம்' கதையின் முதல் வாக்கியத்தில், ஒரு காலை கண்விழிக்கும் கிரெகோர் ஸாம்சா என்னவாக மாறிக் கிடக்கிறான் என்பதற்கும் அவர் எடுத்தாள்வது இதே சொல்லைத்தான். இதைக் கவனித்த நாளிலிருந்து அந்தக் கதையை வெறும் விசித்திரக் கற்பனையாக என்னால் வாசிக்க முடியவில்லை.

அடுத்து, 'சட்டத்தின் முன்' என்ற அவருடைய குட்டிக் கதை. 1915இல் இது வெளிவந்தது 'ஸெல்ப்ஸ்ட்வேர்' என்ற பிராக் யூத வார இதழில். சட்டத்துக்குள் நுழைய அனுமதி கேட்டு வரும் நாட்டுப்புறத்தான் ஒருவன், காவலன் விடாததால் வாசலிலேயே காத்துக் கிடந்து கிழவனாகிறான். காவலனின் மென்மயிர்த்தோல் கழுத்துப்பட்டையில் ஊரும் தெள்ளுப்பூச்சிகளிடம்கூடச் சிபாரிசு கேட்கிறான். 'விசாரணை' நாவலில் இதைச் சொல்லும் பாதிரியார், சொன்னதோடு விடாமல், ஏமாற்றியது யார், ஏமாந்தது யார் என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து நாவலின் நாயகன் யோசெஃப் கா.வோடு வாதிடுகிறார். மூலத்தைச் சுற்றி உரைக்கு மேல் உரை எழுப்பும், யூதர்களின் சமயச் சட்ட நூலான தல்மூதின் மரபு, ஒரு கிறிஸ்தவத் தேவாலயத்துக்குள் உயிரோடு நடமாடுவதாகவே நான் அந்தப் பக்கங்களை வாசிக்கிறேன்.

அலுவலக அலைக்கழிப்புக்கு இன்று காஃப்காவின் பெயரைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றியவர் என்பதால் அதுவும் பொருத்தமே. ஆயினும் அவர் எழுத்தில் வாசலில் நிற்பவனின் வலி இன்னும் பழையது. 1920 நவம்பரில் பிராகில் யூதர்களுக்கு எதிரான கலவரம் நடந்தபோது, இவ்வளவு வெறுக்கப்படும் இடத்தை விட்டுப் போவதுதானே இயல்பு என்று தன் காதலி மிலேனாவுக்கு எழுதினார். 1924இல் அவர் இறந்துவிட்டார். சகோதரிகள் மூவரையும் நாஜிகள் கொன்றார்கள். குடியுரிமையும் அடைக்கலமும் கேட்டு இன்று எல்லைகளில் காத்திருப்பவர்கள் அந்த வாசலை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அவர் ஹீப்ரு எழுதிப் பழகிய சொற்பட்டியல் நோட்டு ஒன்று ஜெருசலேமின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. காசநோய் முற்றிக்கொண்டிருந்த காலத்தில், நாற்பது வயதை நெருங்கிய மனிதர் ஹீப்ருச் சொற்களை வலமிருந்து இடமாக ஒவ்வொன்றாக எழுதி, பக்கத்தில் ஜெர்மன் பொருளைக் குறித்து வைத்திருக்கிறார்.