குடிவரவு நீதிமன்றத்தில் ஒரு தமிழ்ச் சொல்

வணக்கம் நேயர்களே.

அமெரிக்கக் குடிவரவு வழக்குகளில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பது என் வேலை. பெரும்பாலும் வழக்கறிஞர்களின் அறைகளில், விசாரணைக்கு ஆட்கள் தயாராகும் நேரத்தில் நான் இருப்பேன். நான் சட்டம் படித்தவள் இல்லை. இங்கே நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, உங்கள் வழக்கை உங்கள் வழக்கறிஞரிடம்தான் பேச வேண்டும்.

நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவள். வேலையில் சேர்ந்த புதிதில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவருக்கு மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். தன் தம்பியைப் பற்றிச் சொன்னார்: "அவனைக் கொண்டு போட்டாங்கள்." நான் "அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வழக்கறிஞர் உடனே கேட்டார், "எப்போது திரும்பி வந்தார்?" அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டதும் பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

யாழ்ப்பாணப் பேச்சில் 'ஒன்று' என்பது 'ஒண்டு'. 'கன்று' என்பது 'கண்டு'. அப்படித்தான் 'கொன்று' என்பது 'கொண்டு' ஆகிறது. அவர் சொன்னது "கொன்று போட்டார்கள்" என்று. அதே பேச்சில் 'போய்விட்டார்கள்' என்பதும் 'போட்டாங்கள்' என்றே வரும். ஒரே ஒலிக்கு இரண்டு பொருள், ஒன்றில் தம்பி உயிரோடு இருக்கிறான், இன்னொன்றில் இல்லை. அது வழக்கறிஞரின் அறை என்பதால் அங்கேயே திருத்திக்கொண்டோம். நீதிமன்றமாக இருந்திருந்தால் என் தவறு அவருடைய பொய்யாகப் பதிவாகியிருக்கும்.

ஏன் அப்படி என்று சொல்ல, அந்த நீதிமன்றம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்ல வேண்டும். குடிவரவு நீதிமன்றம் என்று பெயர் இருந்தாலும் அது நாட்டின் மற்ற நீதிமன்றங்களைப் போன்றது அல்ல. அது நீதித்துறை அமைச்சகத்துக்குள் இயங்கும் அலுவலகம். அதன் நீதிபதிகள் தலைமைச் சட்ட அதிகாரியின் கீழ் வேலை செய்பவர்கள். எதிர்த்தரப்பில் அரசாங்கத்தின் வக்கீல் எப்போதும் இருப்பார். உங்கள் பக்கம் வக்கீல் வேண்டுமென்றால் உங்கள் செலவில் வைத்துக்கொள்ளலாம். குற்ற வழக்கு என்றால் ஏழைக்கு அரசே வக்கீல் தரும். நாடுகடத்தல் வழக்கு சிவில் வழக்காகக் கருதப்படுவதால் அந்த உரிமை இல்லை, குழந்தைக்குக்கூட இல்லை. ஆனால் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் மட்டும் அரசின் செலவில் கிடைப்பார். விசாரணை ஒலிப்பதிவாகும். மேல்முறையீட்டுக்குப் போனால் அந்தப் பதிவை எழுத்தாக்கித் தருவார்கள். அந்தத் தாள்களில் ஆங்கிலம் மட்டுமே இருக்கும். உங்கள் வாயிலிருந்து வந்த தமிழ் அதில் எங்கும் இருக்காது.

2005-ல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. ஒருவருடைய வாக்குமூலத்தில் முரண்பாடு இருந்தால், அது வழக்கின் மையத்தைத் தொடாத சின்ன விஷயமாக இருந்தாலும், அதை வைத்து அவரை நம்பாமல் விட நீதிபதிக்கு அது இடம் கொடுத்தது. இந்தச் சட்டத்தையும் நம் உறவுச் சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரியப்பா மகனை நாம் 'அண்ணா' என்கிறோம். விண்ணப்பப் படிவத்தில் உடன்பிறந்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்காது, இருக்கவும் கூடாது. விசாரணையில் "என் அண்ணாவைப் பிடித்தார்கள்" என்று வாயில் வரும். ஆங்கிலத்தில் அது கூடப்பிறந்த அண்ணன் ஆகிவிடும். "படிவத்தில் உங்களுக்கு அண்ணனே இல்லையே?" என்று அரசு வக்கீல் கேட்பார். 'மாமா' என்றால் அம்மாவின் தம்பியா, அத்தையின் கணவரா, மாமனாரா, பக்கத்து வீட்டுக்காரரா? எனவே நான் எல்லோரிடமும் சொல்வது: சாட்சி சொல்லும்போது 'அண்ணா', 'மாமா' வேண்டாம். "என் அப்பாவின் அண்ணன் மகன்" என்று நீட்டிச் சொல்லுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். தேதியிலும் இதே ஆபத்து உண்டு. நாம் 3/7 என்று எழுதினால் ஜூலை 3. இங்கே அது மார்ச் 7. மாதத்தைப் பெயர் சொல்லியே சொல்லுங்கள், எழுதுங்கள்.

இதையெல்லாம் விட எனக்கு அதிகம் வலிப்பது 'தெரியாது' என்ற சொல்.

2017-ல் ஒரு இலங்கைத் தமிழர் மெக்சிகோ எல்லையைத் தாண்டி வந்தார். எல்லைக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 25 கெஜ தூரத்திலேயே பிடிபட்டார். 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப் பிடிபடுபவர்களை முழு விசாரணை இல்லாமலே உடனே திருப்பி அனுப்பலாம். ஊர் திரும்பப் பயம் என்று சொன்னால் மட்டும் ஒரு அதிகாரி நேர்காணல் எடுப்பார். தன்னைச் சிலர் கடத்திக்கொண்டு போய்க் கடுமையாக அடித்தார்கள் என்று அவர் சொன்னார். அதிகாரி அதை நம்பவும் செய்தார். "அடித்தவர்கள் யார், ஏன் அடித்தார்கள்?" என்ற கேள்விக்குத் தெரியாது என்றார். அதோடு வழக்கு விழுந்தது. தமிழர் சார்பான தன் அரசியல் கருத்துக்காகவே பயம் என்று பிறகு மனுவில் சொன்னார். உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 ஜூனில் 7-க்கு 2 என்ற கணக்கில் தோற்றார். எல்லையில் அப்போதுதான் பிடிபட்டவர், அந்த நேர்காணலின் முடிவை எதிர்த்து ஆட்கொணர்வு மனுவோடு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று தீர்ப்பாகிவிட்டது.

அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் போர் நடந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் பேசி நான் கேட்டிருக்கிறேன். "ஆரோ ஆக்கள் வந்தவை" என்பார்கள். வந்தது யார் என்று ஊருக்கே தெரியும். பெயரைச் சொன்னவர்கள் காணாமல் போன ஊரில், 'தெரியாது' என்ற சொல் உயிரைக் காப்பாற்றிய சொல். சீருடை போட்ட ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்டால் அது தானாக வாயில் வந்து நிற்கும். இங்கே அதே சொல் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடும்.

ஏனென்றால் அடிபட்டதால் மட்டுமே அசைலம், அதாவது புகலிடம், கிடைத்துவிடாது. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவில் இருப்பது ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்பட்டீர்கள், அல்லது துன்புறுத்தப்படுவீர்கள் என்று காட்ட வேண்டும். அந்த 'ஏன்' இல்லாத கதை, எவ்வளவு கொடுமையானதாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் பாதிக் கதை. வந்தவர்கள் என்ன மொழி பேசினார்கள், என்ன உடை, எந்த வண்டி, அடிக்கும்போது என்ன கேட்டார்கள், என்ன சொல்லித் திட்டினார்கள்? உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவு இருக்கும். பெயர் தெரியாவிட்டால் "பெயர் தெரியாது, ஆனால்" என்று தொடங்கி இத்தனையும் சொல்லுங்கள். உங்கள் பயம் நிஜமாகும் என்று நூற்றுக்கு நூறு நிரூபிக்கத் தேவையில்லை. பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தால்கூட அது நியாயமான பயமாக இருக்கலாம் என்று 1987-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அசைலத்துக்கு நாட்டுக்குள் வந்த ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, ஊரில் நிலைமை மாறியது, கடும் நோய் போன்றவை. காலக்கெடு தவறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது சரியில்லை. வெளியேற்றத்தை நிறுத்திவைக்கும் பாதுகாப்பு ஒன்று, சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் கீழ் வரும் பாதுகாப்பு இன்னொன்று. இரண்டுக்கும் அந்த ஒரு வருடக் கெடு இல்லை. ஆனால் ஆபத்து நேர்வதற்கே வாய்ப்பு அதிகம் என்று காட்ட வேண்டும். கிடைத்தாலும் கிரீன் கார்டு வராது, குடும்பத்தை அழைக்க முடியாது, வேறு ஒரு நாடு ஏற்றுக்கொண்டால் அங்கே அனுப்பவும் இடமுண்டு.

'கதை எழுதித் தருகிறேன்' என்று சொல்லும் ஏஜெண்டுகளைப் பற்றி எனக்கு ஆத்திரம் உண்டு, மறைக்க மாட்டேன். ஒருவர் தன் வாழ்க்கையில் உண்மையிலேயே நடந்த கொடுமையை விட்டுவிட்டு, பணம் கொடுத்து வாங்கிய கதையை மனப்பாடம் செய்துகொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். உண்மையான கதையே போதுமானதாக இருந்தது! பல விண்ணப்பங்களில் ஒரே பத்திகள் திரும்பத் திரும்ப வந்தால் அதை நீதிபதி சுட்டிக்காட்டி விளக்கம் கேட்கலாம். தெரிந்தே பொய் விண்ணப்பம் போட்டதாக முடிவானால் குடிவரவுச் சட்டத்தின் சலுகைகள் வாழ்நாள் முழுக்க மூடிவிடும். கையெழுத்துப் போட்டது நீங்கள். ஏஜெண்டின் பெயர் அதில் இருக்காது. வழக்கறிஞர் இல்லாமலும் உங்களுக்காக நிற்கக்கூடியவர்கள் உண்டு. நீதித்துறை அமைச்சகம் அங்கீகரித்த அமைப்புகளில், அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் அவர்கள். கட்டணமில்லாமல் உதவுபவர்களின் பட்டியலை நீதிமன்றமே வைத்திருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண்களிடம் வேறு ஒரு சொல் மறைந்திருக்கும். "அவர் கொஞ்சம் கோபக்காரர்" என்பார்கள். "வீட்டுல சின்னப் பிரச்சினை" என்பார்கள். கை உடைந்திருக்கும். கணவர் அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ என்றால், அவருக்குத் தெரியாமலே மனைவி தனியாக விண்ணப்பிக்க 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. கணவர் எச்1பி என்ற வேலை விசாவில் இருந்தால் அந்த வழி இல்லை. ஆனால் குற்றத்தால் பாதிக்கப்பட்டு, விசாரணைக்கு உதவியவர்களுக்கு யு விசா என்று ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான், காத்திருப்பு மிக நீளம். எதற்குமே, "அடித்தார்" என்ற சொல் வெளியே வர வேண்டும்.

"10 வருடம் இருந்துவிட்டால் கார்டு கிடைக்கும்" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. நாடுகடத்தல் வழக்கில் சிக்கியவர் மட்டும் கேட்கக்கூடிய ஒரு விலக்கு அது. 10 வருடம் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், உங்களை அனுப்பினால் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்கும் உங்கள் கணவருக்கோ மனைவிக்கோ, பெற்றோருக்கோ, பிள்ளைக்கோ வழக்கத்துக்கு மிகவும் மீறிய கஷ்டம் வரும் என்று காட்ட வேண்டும். உங்கள் கஷ்டம் கணக்கில் வராது. ஆண்டுக்கு 4,000 பேர் என்ற வரம்பு வேறு. இதை நம்பித் தாமாகவே நீதிமன்றத்துக்குள் போய் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே வழக்கில் இருப்பவர்கள் மட்டும் இதைக் கவனியுங்கள்: வழக்குக்கான அழைப்பாணை வந்ததும் அந்த 10 வருடக் கணக்கு நின்றுவிடும். ஆனால் உங்களுக்கு முதலில் வந்த அழைப்பாணையில் நாளும் நேரமும் இல்லாதிருந்தால், அந்த 10 வருடக் கடிகாரம் அதனால் நின்றிருக்காது. 2018-லும் 2021-லும் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தப் பழைய தாளைத் தேடி எடுங்கள்.

கிரீன் கார்டு உள்ளவர்கள் "நமக்கென்ன" என்று இருக்க வேண்டாம். கடையில் ஒரு பொருளை எடுத்த வழக்கு, வீட்டுச் சண்டை வழக்கு. "ஒப்புக்கொண்டால் ஜெயில் இல்லாமல் இன்றே முடிந்துவிடும்" என்பார்கள். திருட்டுக்கு ஒரு வருடத் தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்து வீட்டுக்கு அனுப்பினாலும் குடிவரவுச் சட்டம் அதைப் பெருங்குற்றமாக எண்ணும். 40 ஆண்டுகள் சட்டப்படி இங்கே வாழ்ந்தவர், வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர், அவரிடமே "இத்தனை காலம் இருந்துவிட்டீர்கள், பயப்பட வேண்டாம்" என்று அவருடைய வக்கீல் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தார். அந்த கென்டக்கி வழக்கில்தான் 2010-ல் உச்ச நீதிமன்றம், நாடுகடத்தும் ஆபத்தைச் சொல்லி எச்சரிப்பது குற்ற வழக்கு வக்கீலின் கடமை என்றது. ஆகவே "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்பதற்கு முன்னால் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

முகவரி. வீடு மாறினால் 5 நாட்களுக்குள் நீதிமன்றத்துக்குத் தனிப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். குடிவரவுத் துறைக்கு 10 நாட்களுக்குள் இன்னொரு படிவம். ஒன்றைக் கொடுத்தால் மற்றதற்குப் போகாது, தபால் அலுவலகத்தில் சொன்னாலும் போகாது. 2023 இறுதியிலேயே நிலுவை வழக்குகள் 30 லட்சத்தைத் தாண்டியிருந்தன. விசாரணை நாள் தள்ளிப்போகும், திடீரென்று முன்னாலும் வரும். நீங்கள் போகாவிட்டால் உங்கள் முகம் பார்க்காமலே வெளியேற்ற உத்தரவு போட்டுவிடுவார்கள். அறிவிப்பு உங்களுக்குக் கிடைக்கவே இல்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் வழக்கைத் திறக்கக் கேட்கலாம். கடும் நோய் போன்ற காரணம் என்றால் 180 நாட்கள். ஏ எண் என்ற உங்கள் வழக்கு எண்ணை வைத்து நீதிமன்றத்தின் தானியங்கித் தொலைபேசியில் வாரம் ஒருமுறை தேதியைப் பாருங்கள். தீர்ப்பு எதிராக வந்தால் மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் எது என்று அறையை விட்டு வெளியே வரும் முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலம் மிகக் குறுகியது.

என் பெரியவரிடம் திரும்பி வருகிறேன். அன்று அவர் நிமிர்ந்து பார்த்ததோடு நிற்கவில்லை. "பிள்ளை, நீ விளங்கிக்கொண்டது பிழை" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, அவருக்கு நன்றி சொன்னேன். விசாரணை நாளில் நீங்களும் அப்படிச் செய்யலாம். மொழிபெயர்ப்பாளர் பேசுவது விளங்காவிட்டால், அவர் வேறு ஊர்த் தமிழ் பேசினால், சொன்னது மாறிப்போனதாகத் தோன்றினால், தலையாட்டாதீர்கள். நீதிபதியைப் பார்த்து, "மொழிபெயர்ப்பு எனக்கு விளங்கவில்லை, இதைப் பதிவு செய்யுங்கள்" என்று தமிழிலேயே சத்தமாகச் சொல்லுங்கள். அதை ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டியது அந்த மொழிபெயர்ப்பாளரின் கடமை. எழுத்தாகும் தாளில் அந்த வரி வந்துவிடும்.

வணக்கம்.