நினைவு வைத்திருப்பது யார்?

[திரையில்: காலை நேரம். கதவருகே ஒரு பள்ளிப் பை.]

"பையை எடுத்தாயா? தண்ணீர் பாட்டில்? வீட்டுப்பாட நோட்டு?" தினமும் காலையில் இப்படிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "உனக்குப் பொறுப்பே கிடையாது" என்று சொல்லிவிடுகிறோம். ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பையைச் சுமப்பது பிள்ளை. அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நினைவு வைத்திருப்பது நாம். அப்படியானால் பொறுப்பு இன்னும் நம் கையில்தானே இருக்கிறது?

சொன்னதைச் செய்வது கீழ்ப்படிதல். யாரும் சொல்லாமலே நினைத்துச் செய்வதும், தவறினால் தானே சரிசெய்வதும்தான் பொறுப்பு.

[திரையில்: தவறி விழும் ஒரு கிளிப். அதை நோக்கி நகரும் ஒரு குழந்தை.]

உதவும் மனம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2006-ல் ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டோமசெல்லோ என்ற உளவியலாளர்கள் 18 மாதக் குழந்தைகளைக் கவனித்தார்கள். பழக்கமில்லாத ஒருவர் துணி காயப்போடும்போது கிளிப்பைத் தவறவிட்டு, எட்டாமல் கையை நீட்டுவார். குழந்தை தானாகப் போய் எடுத்துக் கொடுக்கும். இப்படிப் பல சூழல்களை வைத்துப் பார்த்ததில், 24 குழந்தைகளில் 22 பேர் ஒன்றிலாவது உதவினார்கள். 2008-ல் அவர்களே செய்த இன்னொரு ஆய்வில், உதவியதற்குப் பொருளைப் பரிசாகப் பெற்ற 20 மாதக் குழந்தைகள், பிறகு மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். அதனால் வீட்டு வேலை ஒவ்வொன்றுக்கும் கூலி பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இரண்டு வயதில் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளையை "தள்ளு, நான் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்" என்று விலக்குகிறோம். பத்து வயதில் "ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டேன் என்கிறாய்" என்று வருந்துகிறோம்.

[திரையில்: ஒரு தொட்டிச் செடி.]

சரி, எப்படி ஒப்படைப்பது? ஒரே ஒரு வேலையை முழுதாகக் கொடுங்கள். "செடிக்குத் தண்ணீர் ஊற்று" என்பது கட்டளை. "இந்தச் செடியை நீ பார்த்துக்கொள்" என்றால் மண் காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது, எவ்வளவு ஊற்றுவது, ஊருக்குப் போனால் யாரிடம் சொல்லிவிட்டுப் போவது, எல்லாமே பிள்ளையின் யோசனை. முதல் சில நாட்கள் சேர்ந்து செய்யுங்கள். அப்புறம் பக்கத்தில் நின்று பாருங்கள். அப்புறம் விலகிவிடுங்கள்.

ஒரு நாள் மறந்துவிடும், இலை வாடும். இங்கேதான் நமக்குக் கஷ்டம். பிள்ளை தூங்கியதும் நாமே தண்ணீர் ஊற்றிவிடத் தோன்றும். ஊற்றாதீர்கள். காலையில் "செடியைப் பார்த்தாயா?" என்று மட்டும் கேளுங்கள். வாடிய இலை சொல்வதை நம் திட்டால் சொல்ல முடியாது. ஆனால் நெருப்பு, மருந்து, சாலை போன்ற ஆபத்தான விஷயங்களில் இந்த விட்டுப்பிடித்தல் கூடாது.

மறதியைத் திமிர் என்று எண்ணிவிட வேண்டாம். திட்டமிட உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 20 வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகும். கதவில் ஒட்ட ஒரு படப் பட்டியலைப் பிள்ளையே வரையட்டும். நம் வாய்க்குப் பதில் அந்தத் தாள் நினைவூட்டும்.

இன்னொன்று. பால் கொட்டிக் கிடக்கும்போது "யார் கொட்டியது?" என்று அதட்டினால் பிள்ளை பொய் சொல்லத்தான் வழி தேடும். "துடைக்கத் துணி எடுத்து வா" என்றால் சரிசெய்யக் கற்கும். நாம் தவறு செய்த அன்று "என் தப்புதான்" என்று அவர்கள் காதில் விழும்படி சொல்வதும் முக்கியம்.

[திரையில்: மாலை. அதே கதவு.]

நோட்டை மறந்துவிட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கிறது. பின்னாலேயே கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். மாலையில் "நாளைக்கு மறக்காமல் இருக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "நோட்டை ஷூவுக்கு மேலே வைத்துவிடுகிறேன்" என்று பதில் வரலாம். வைக்கட்டும்.