குணச்சித்திர நடிகரின் வாழ்க்கை நிறைவானதே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'குணச்சித்திர நடிகரின் கலைவாழ்க்கை நிறைவானதா, நிறைவேறாமல் போனதா?' என்பது இன்றைய தலைப்பு. நிறைவானதே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் மூன்று குறைகளைச் சொன்னார். போஸ்டரில் பெயர் கீழே கிடக்கும், பெரிய விருது கைக்கு எட்டாது, படம் முடிந்ததும் முகம் நினைவிருக்கும் பெயர் மறந்துபோகும். சரி, மூன்றையும் ஒப்புக்கொண்டே பேசுகிறேன். இந்த மூன்றும் ஒருசேர வாய்த்த ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். பீட் போஸ்ட்லெத்வெய்ட் என்று பெயர். அவர் வாழ்க்கையைத்தான் சாட்சியாக வைக்கிறேன்.

பெயரைக் கேட்டதும் பலருக்கு யாரென்று தெரியாது. 'இன்செப்ஷன்' படத்தில் படுக்கையில் சாகக் கிடப்பாரே ஒரு பெரும் பணக்காரத் தந்தை, அவர்தான். 'ஜுராசிக் பார்க்' இரண்டாம் பாகத்தில் டைனோசரை வேட்டையாட வரும் ரோலண்ட், அவர்தான். 'தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' படத்தில் கோபயாஷி என்ற வக்கீலும் அவர்தான். துருத்திய கன்ன எலும்பும் குழிவிழுந்த கன்னமுமாக ஒரு முகம். இப்போது உங்களுக்கு நினைவு வந்திருக்கும்.

1946-இல் வாரிங்டன் என்ற ஊரில், உழைக்கும் வர்க்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியர் பயிற்சி முடித்து, மான்செஸ்டரில் ஒரு கல்லூரியில் நாடகம் சொல்லிக்கொடுத்தார். மாதச் சம்பளம் வரும் வேலை. அதை விட்டுவிட்டு பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்புறம் 1970-களில் லிவர்பூல் எவ்ரிமேன் தியேட்டர். ஜூலி வால்டர்ஸ், பில் நை, ஜோனதன் பிரைஸ் எல்லோரும் இளமையில் நடித்த மேடை அது. நாவில் நுழையாத இந்தப் பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னவர்கள் உண்டு. அவர் மாற்றவில்லை. போஸ்டரில் பெயர் எங்கே வருகிறது என்பதற்காக ஏங்கியவர் செய்கிற காரியமா இது, நடுவர் அவர்களே?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டே இரண்டு படங்களை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1988-இல் 'டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்' வந்தது. இயக்குநர் டெரன்ஸ் டேவிஸ் லிவர்பூலில் தன் குடும்பம் பட்டதையெல்லாம் எடுத்த படம். அதில் அடித்து உதைக்கும் தந்தை வேடம் பீட்டுக்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, தூங்கும் பிள்ளைகளின் கட்டிலருகே வந்து அவ்வளவு கனிவோடு நிற்பார். அடுத்த காட்சியில் சாப்பாட்டு மேஜை. பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மனிதர் மேஜை விரிப்பைப் பிடித்து ஒரே இழுப்பு, தட்டும் உணவும் தரையில். ஏன் என்று படம் சொல்லாது. அவர் முகமும் சொல்லாது. அந்த வீட்டில் பிள்ளைகள் ஏன் மூச்சுவிடக்கூடப் பயந்தார்கள் என்பது மட்டும் நமக்குப் புரிந்துவிடும்.

ஐந்து வருடம் கழித்து, 1993-இல், 'இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்'. இது நடந்த கதை. 1974-இல் கில்ட்ஃபோர்டு நகரத்து பப்புகளில் குண்டு வெடித்தது. செய்யாத குற்றத்துக்கு ஜெரி கான்லன் என்ற, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்து இளைஞரையும் வேறு மூவரையும் பிடித்துத் தண்டித்தார்கள். மகனுக்கு உதவி செய்ய இங்கிலாந்து வந்த நோயாளித் தந்தை ஜூசப்பே கான்லனையும் வேறொரு வழக்கில் சிக்கவைத்துச் சிறையில் அடைத்தார்கள். 1980-இல் கைதியாகவே அவர் இறந்தார். மகனும் மற்ற மூவரும் விடுதலையானது 1989-இல். தந்தையும் மகனும் ஒரே அறையில் அடைபட்டிருப்பதுபோலப் படம் காட்டுவது இயக்குநர் ஜிம் ஷெரிடன் எடுத்துக்கொண்ட சுதந்திரம். ஆனால் அந்த அறைக்குள் நடப்பதுதான் படத்தின் உயிர்.

மகனாக டேனியல் டே-லூயிஸ், தந்தையாக பீட். நிஜத்தில் இருவருக்கும் பதினொரு வயதுதான் வித்தியாசம்! படம் பார்க்கும்போது ஒரு நொடிகூட அது தோன்றாது. மகன் கத்துவார், உடைப்பார், அழுவார். பெரியவர் ஜெபமாலையும் மனைவிக்கு எழுதும் கடிதமுமாக அமைதியாக உட்கார்ந்திருப்பார். குரல் உயர்த்த மாட்டார். அவர் இறந்த இரவில் கைதிகள் எரியும் காகிதத் துண்டுகளை ஜன்னல் வழியே மிதக்கவிடுவார்கள். அந்தக் காட்சி நம்மை உலுக்குகிறதே, அது நெருப்பினாலா? ஒன்றுமே செய்யாததுபோல உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் அதுவரை சேர்த்துவைத்த மதிப்பினால்.

மேஜை விரிப்பை இழுத்த அந்தத் தந்தையும் இந்தத் தந்தையும் ஒரே ஆள், ஒரே முகம். எதிரணியினரைக் கேட்கிறேன். ஒரு கதாநாயகனுக்கு இந்த அனுமதி கிடைக்குமா? முதல் படத்தில் அவரை வெறுத்த ரசிகர் அடுத்த படத்துக்கு வரமாட்டாரே என்று தயாரிப்பாளர் பயப்படுவார். நாயகனுக்கு ஒரு பிம்பம் உண்டு, அதைக் காலமெல்லாம் கட்டிக் காக்க வேண்டும். பீட்டுக்குக் காக்க எதுவும் இல்லை. அதனால்தான் எல்லா வேடமும் அவருக்குத் திறந்திருந்தது.

ஜூசப்பே வேடத்துக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். கிடைக்கவில்லை. 'தி ஃபியூஜிடிவ்' படத்துக்காக டாமி லீ ஜோன்ஸ் வாங்கினார், அவரும் நல்ல நடிகர்தான். அதற்குப் பிறகு பீட்டுக்கு வந்தது என்ன? 1997-இல் மட்டும் ஸ்பீல்பெர்க் படங்கள் இரண்டு. அதற்கு முந்தைய வருடம், எனக்கு மிகவும் பிடித்த 'பிராஸ்டு ஆஃப்'.

யார்க்‌ஷயரில் நிலக்கரிச் சுரங்கங்களை மூடிக்கொண்டிருந்த காலத்துக் கதை அது. சுரங்கத் தொழிலாளர்களின் பித்தளை வாத்தியக் குழுவுக்கு டேனி என்ற முதியவர் தலைவர். கரித்தூசி அவர் நுரையீரலை அரித்துவிட்டது. இசைதான் எல்லாம் என்று வாழ்ந்தவர், லண்டன் ஆல்பர்ட் ஹாலில் கோப்பையை வென்றதும் அதை வாங்க மறுக்கிறார். இசை முக்கியம் என்று நினைத்திருந்தேன், மனிதர்களைவிட அது முக்கியமில்லை என்று சொல்லி, வேலை இழந்த தன் ஊர் மக்களைப் பற்றிப் பேசுகிறார். பளபளப்பான முகத்தோடு ஒருவர் இதைப் பேசியிருந்தால் பிரசாரம் என்று தள்ளியிருப்பார்கள். அந்தக் குழிவிழுந்த கன்னத்தை யாரால் தள்ள முடியும்? அது அந்த மக்களின் முகம்.

பெரிய வேடம் கிடைக்காமல் போயிற்று என்கிறார்கள். 2008-இல் லிவர்பூல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்தபோது, தான் வளர்ந்த அதே எவ்ரிமேன் மேடைக்குத் திரும்பிவந்து ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக நடித்தாரே, ஆங்கில நாடகத்தில் அதைவிடப் பெரிய வேடம் எது?

விருதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004-இல் அவருக்கு ஓபிஈ என்ற அரசு விருது கிடைத்தது. 2009-இல் பருவநிலை மாற்றத்தைப் பற்றிய 'தி ஏஜ் ஆஃப் ஸ்டுப்பிட்' படத்தில் நடித்தார். 2055-இல், நாசமான உலகத்தில் தனியாக மிஞ்சியிருக்கும் ஆவணக் காப்பாளர் வேடம். அந்தப் படத்தின் முதல் காட்சி விழாவில், எரிசக்தித் துறை அமைச்சர் எட் மிலிபேண்ட் கண்ணெதிரே ஒன்று சொன்னார். கிங்ஸ்நார்த்தில் புதிய நிலக்கரி மின்நிலையத்துக்கு அரசு அனுமதி கொடுத்தால் என் விருதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றார். அந்த மின்நிலையம் கட்டப்படவில்லை. அதற்குப் பல காரணங்கள் உண்டு, அவர் ஒருவரால் நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் விருது இல்லையே என்று அவருக்காக வருந்துகிறவர்கள், இருந்த விருதை அவர் எதற்குப் பணயம் வைத்தார் என்பதையும் சொல்ல வேண்டாமா?

2011 ஜனவரி 2-ஆம் தேதி, 64 வயதில், புற்றுநோயால் இறந்தார். அதற்கு முந்தைய 2010-இல்கூட 'இன்செப்ஷன்', 'தி டவுன்' என்று அவர் படங்கள் வந்துகொண்டிருந்தன. 'தி டவுன்' படத்தில் பூக்கடைக்குள் உட்கார்ந்து கொள்ளைக் கூட்டத்தை ஆட்டிவைக்கும் கிழவர். அதற்கு பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதுக்கான பரிந்துரை வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்று கேட்டு முடிக்கிறேன். கொடூரமான தந்தை, சாது தந்தை, வேட்டைக்காரர், வக்கீல், பாதிரியார், வாத்தியக் குழுத் தலைவர், மன்னர் லியர். நாயகனாக இல்லாததால் இந்த மனிதர் இழந்த வேடம் எது? ஒன்றே ஒன்றின் பெயரைச் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.