பப்புக்குள் புகை வேண்டாம்: எங்கள் அணியின் வாதம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கும் லண்டன் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

‘பப்பில் புகைத் தடை ஊருக்கு நல்லது செய்ததா, ஊரைக் கெடுத்ததா?’ இதுதான் தலைப்பு. கெடுத்தது என்று பேசிய எதிரணித் தலைவர் இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்தார். தடை வந்ததும் தெருமுனை பப்புகள் மூடிப்போயின. உள்ளே ஊதியவர்கள் வாசலுக்கு வந்துவிட்டதால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் போச்சு. இரண்டாவதற்குக் கைதட்டல் அள்ளியது. என் வீடும் பப்புக்குப் பக்கத்தில்தான், நானும் தட்டினேன். அதற்காக அணி மாறிவிட்டேன் என்று நடுவர் நினைத்துவிடக் கூடாது!

இந்தச் சட்டம் வந்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள். 2005 தேர்தலில் லேபர் கட்சி முழுத் தடை என்று சொல்லவே இல்லை. சாப்பாடு போடும் பப்பில் தடை, சாப்பாடு போடாத பப்பில் ஊதிக்கொள்ளலாம் என்றுதான் சொன்னது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சாப்பாடு போடாத பப் எங்கே இருந்தது? வசதியானவர்கள் குடியிருக்கும் இடத்திலா? அங்கேதான் ஞாயிற்றுக்கிழமை ஆனால் இறைச்சி ரோஸ்ட் மணக்குமே! பீரும் கிரிஸ்ப்ஸ் பாக்கெட்டும் மட்டும் விற்கும் பப், பெரும்பாலும் கூலிக்கு உழைக்கிறவர்களின் தெருவில்தான். அதாவது, இருக்கப்பட்டவன் நுரையீரலுக்குச் சட்டம் காவல், இல்லாதவன் நுரையீரல் எக்கேடு கெட்டால் என்ன?

நல்லவேளை, 2006 பிப்ரவரியில் எம்பிக்களை அவரவர் விருப்பப்படி வாக்களிக்க விட்டார்கள். பப், உறுப்பினர் மட்டும் போகும் கிளப் எதற்கும் விலக்கில்லாத முழுத் தடை 384க்கு 184 என்று ஜெயித்தது. 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் அமல். அயர்லாந்து 2004லேயே முந்திக்கொண்டது.

‘புகை பிடிக்காதவர் பப்புக்குப் போகாமல் இருக்கலாமே’ என்றார் நண்பர். குடிக்க வருகிறவர் போகாமல் இருக்கலாம், சரி. வேலைக்கு வருகிறவர்? தடைக்கு முன்னால், படிக்க வந்த காலத்தில், பப்பில் பகுதிநேர வேலை பார்த்தவன் நான். கடை அடைத்ததும் சாம்பல் கிண்ணங்களை வாளியில் கொட்டிக் கழுவுவது என் பொறுப்பு. வெள்ளை அடித்த கூரை பழுப்பேறிக் கிடக்கும். வீட்டுக்குப் போய்க் குளித்துத் தலை துவட்டினால் துண்டிலும் சிகரெட் வாடை. ஒரு சிகரெட்கூடப் பிடிக்காதவனுக்கு!

ராய் கேசில் என்ற கலைஞரை இந்த நாட்டில் பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். அவரும் புகை பிடித்ததில்லை. புகை மண்டிய கிளப்புகளில் டிரம்பெட் வாசித்ததுதான் தன் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்றார். 1994ல் 62 வயதில் போய்விட்டார். தடை வந்த முதல் வருடத்தில் மட்டும் இங்கிலாந்தில் மாரடைப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவது சுமார் 1,200 குறைந்ததாக மருத்துவ ஆய்வு சொல்கிறது. இது ஊரைக் கெடுத்த கணக்கா, நடுவர் அவர்களே?

பப்புகள் மூடியது உண்மை. தடைக்கு முன்பே மூட ஆரம்பித்துவிட்டன என்பதும் உண்மை. சூப்பர் மார்க்கெட்டில் பீர் மலிவு. 2008ல் பொருளாதாரச் சரிவு, அதே வருடம் பீர் வரியும் ஏறியது. தடையும் சிலரை வீட்டோடு உட்கார வைத்திருக்கும், மறுக்கவில்லை. பழி முழுவதையும் அதன் தலையில் கட்டாதீர்கள் என்கிறேன்.

வாசல் சத்தத்துக்கு வருகிறேன். அதற்கு வழி இருக்கிறதே! குடியிருப்பவர்கள் கவுன்சிலில் மனுப் போட்டு அந்த பப்பின் லைசென்ஸை மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம். இரவு இத்தனை மணிக்கு மேல் பப்பின் வெளித் தோட்டத்தில் ஆள் நிற்கக் கூடாது என்று நிபந்தனை வாங்கலாம். தோட்டத்திலும் தடை போடலாமா என்று 2024ல் பேச்சு எழுந்து, அரசே பின்வாங்கிவிட்டது. வெளியே நிற்பவரைத் துரத்தச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வரும் எதிரணி நண்பர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: வாசலில் சத்தம் போடுகிறார்கள் என்று அவர்களைத் திரும்ப உள்ளே அனுப்பினால், உள்ளே கிளாஸ் கழுவும் பையனை எங்கே அனுப்புவதாக உத்தேசம்?