ஏழு மொழிகளில் மௌனம்: தளபதி மோல்ட்கே

[திரையில்: சுழலும் மெழுகு உருளை]

வணக்கம். கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே ஒரு முதியவரின் குரல். 1889 அக்டோபர் 21 அன்று, எடிசனின் ஃபோனோகிராஃப் கருவியோடு வந்தவர் கிரைசாவ் என்ற ஊரில் பதிவு செய்தது. பேசுபவர் பிறந்தது 1800-இல், அதாவது 18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டில். அந்த நூற்றாண்டில் பிறந்தவர்களில் இன்று நாம் கேட்கக்கூடிய ஒரே குரல் இதுதான் என்கிறார்கள்.

குரலுக்குரியவர் ஹெல்முட் ஃபான் மோல்ட்கே, அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் படைத் தளபதி. 'ஏழு மொழிகளில் மௌனமாக இருப்பவர்' என்று அவரைச் சொல்வார்கள். மொழிகள் தெரியும், பேச்சுதான் குறைவு.

[திரையில்: வடஜெர்மனி வரைபடம்]

பிறந்தது பார்க்கிம் என்ற சிற்றூரில். 1806-இல் பிரெஞ்சுப் படை லூபெக் நகரத்தைச் சூறையாடியபோது இவர்கள் வீடும் தப்பவில்லை. 11 வயதில் கோபன்ஹேகன் ராணுவப் பள்ளி. டென்மார்க் படையில் அதிகாரியானவர், 1822-இல் பிரஷ்யாவுக்கு மாறினார். கையில் காசில்லை. குதிரை வாங்குவதற்காக ஒரு பெரிய ரோம வரலாற்று நூலை ஜெர்மனில் மொழிபெயர்க்க உட்கார்ந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் துருக்கி. சுல்தானின் படைக்கு ஆலோசகராக இருந்தார். 1839-இல் நெசிப் போருக்கு முன், பின்வாங்கி அரண் உள்ள இடத்தில் நில்லுங்கள் என்று சொன்னார். துருக்கித் தளபதி கேட்கவில்லை. படை சிதறி ஓடியது.

ஊர் திரும்பியவரை ரயில் ஈர்த்தது. பெர்லின்–ஹாம்பர்க் ரயில் நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். 1843-இல் ரயில் பாதைகள் பற்றிக் கட்டுரையே எழுதினார். என் பார்வையில் அவருடைய வாழ்க்கையின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. ரயில் வந்தால் படைகள் ஒரே சாலையில் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டாம். தனித்தனியாக வரலாம், போர்க்களத்தில் ஒன்று சேரலாம்.

1857-இல், 57 வயதில், போர்த் திட்டங்கள் தீட்டும் தலைமையகத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. பிரஷ்யப் படையில் ஒரு பட்டாலியனைக்கூட அவர் போரில் நடத்தியதில்லை.

[திரையில்: கோனிக்கிரேட்ஸ், 1866 ஜூலை 3]

எதிரி ஆஸ்திரியா. எல்லைக்குப் படை அனுப்ப பிரஷ்யாவிடம் 5 ரயில் பாதைகள், ஆஸ்திரியாவிடம் ஒன்றுதான். முந்தைய இரவு, தொலைவில் இருந்த பட்டத்து இளவரசரின் படைக்குத் தந்தி இணைப்பு இல்லை. ஒரு குதிரை வீரர் இருட்டில் ஆணையைச் சுமந்து ஓடினார். காலையிலிருந்து ஆஸ்திரியப் பீரங்கிகள் பிரஷ்யர்களை நொறுக்கின. மன்னர் தவித்தார். மோல்ட்கே அசையவில்லை. நண்பகலில் இளவரசரின் படை பக்கவாட்டில் வந்து இறங்கியது. மாலைக்குள் முடிவு தெரிந்துவிட்டது.

அடுத்து பிரான்சுடன் போர். 1870-இல் செடான் என்ற பிரெஞ்சு ஊரில் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே சரணடைந்தார். அந்தப் போர் பாரிஸ் முற்றுகையாக நீண்டது. மாதக்கணக்கில் நகர மக்கள் பசியில் தவித்தார்கள். வெற்றிக் கதை சொல்லும்போது அவர்களை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

[திரையில்: ஜெர்மன் நாடாளுமன்றம், 1890 மே]

அடுத்த ஆண்டு இறக்கப்போகிற அந்த மௌன மனிதர், 89 வயதில் எழுந்து நின்று பேசினார். இனி ஒரு போர் மூண்டால் ஏழு ஆண்டு நீளலாம், முப்பது ஆண்டும் நீளலாம் என்று எச்சரித்தார்.

1914-இல் அந்தப் போர் வந்தது, முதல் உலகப் போராக. அவர் வகித்த அதே பதவியில் அப்போது இருந்தவர், அவருடைய தம்பி மகன்.