45 லட்சம் கோடி, ஒரு துறைக்குக்கூட விவாதம் இல்லாம

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில ஒரு வாசகர் கூட்டத்துல போன ஞாயித்துக்கிழமை பேசினது. வர முடியாதவங்க கேட்டாங்க, அதனால பேசின மாதிரியே டைப் பண்ணிருக்கேன், ரெண்டு மூணு எடத்துல விட்டுப்போனத சேத்திருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். முன் வரிசையில ஸ்டீல் பிளான்ட்ல இருந்து ரிட்டயர் ஆன ஐயாமாருங்க இருக்கீங்க, பின்னாடி கொலுசுப் பட்டறைக்காரங்க, அந்தப் பக்கம் ஏற்காடு நாகலூர்ல இருந்து வந்த அக்காங்க, அவங்களுக்கு மலைக்குப் போற கடைசி பஸ்ஸ பிடிக்கணும், அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

2023 மார்ச் 23ஆம் தேதி. அன்னைக்கு சாயங்காலம் லோக்சபாவுல 45 லட்சம் கோடி ரூபா பட்ஜெட்ட பாஸ் பண்ணாங்க. எத்தன நேரத்துல? நிமிஷக் கணக்குல. ஒரு அமைச்சகத்தோட செலவப் பத்திக்கூட துறைவாரியா பேசல. ஆளுங்கட்சிக்காரங்க ராகுல் காந்தி லண்டன்ல பேசினதுக்கு மன்னிப்புக் கேக்கணும்னு நின்னாங்க, எதிர்க்கட்சிக்காரங்க அதானி விஷயத்துல நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை வேணும்னு நின்னாங்க, ரெண்டு பக்கமும் கூச்சல், அந்தக் கூச்சலுக்கு நடுவுல சபாநாயகர் மொத்தத்தையும் சேத்து ஓட்டுக்கு விட்டாரு, "ஆம்"னு ஒரு குரல், முடிஞ்சது.

இதுக்குப் பேரு கில்லட்டின். அது ஒண்ணும் சட்டவிரோதம் இல்ல, விதியிலயே இருக்கு. பிப்ரவரி 1ஆம் தேதி நிதியமைச்சர் பேசுறத நாம எல்லாரும் டிவில பாக்குறோம், வருமான வரி என்னாச்சு, தங்கம் என்னாச்சுன்னு பாத்துட்டு சேனல மாத்திடுறோம். உண்மையான வேலை அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது. அரசியல் சட்டம் 113ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு அமைச்சகமும் "எனக்கு இவ்வளவு பணம் வேணும்"னு மானியக் கோரிக்கைய சபை முன்னாடி வெக்கணும், எம்.பி.ங்க அத குறைக்கலாம், வேண்டாம்னு சொல்லலாம், ஆனா கூட்ட முடியாது. வெட்டுத் தீர்மானம்னு ஒண்ணு இருக்கு, ஒரு துறையோட கொள்கையே தப்புன்னு நெனச்சா "இந்தத் தொகைய ஒரு ரூபாயா குறை"ன்னு தீர்மானம் கொடுக்கலாம், ஒரு குறிப்பிட்ட குறையச் சொல்லணும்னா நூறு ரூபா குறைன்னு கொடுக்கலாம். அந்த நூறு ரூபாய சாக்கா வெச்சு சேலத்துல ஒரு ஆஸ்பத்திரியில டாக்டர் இல்லாதத டெல்லியில பேசலாம். எல்லா துறையையும் பேச நேரம் பத்தாது, பேசாம விட்டுப்போனத கடைசி நாள்ல மொத்தமா ஓட்டுக்கு விடுவாங்க, அதுதான் கில்லட்டின். மிச்சம் மீதிக்குன்னு வெச்ச ஏற்பாடு. அதுலயே முழு பட்ஜெட்டும் போறதுதான் என் வருத்தம்.

இதுல ஒரு கட்சிய மட்டும் சொன்னா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். 2013ல இதே கதை, அப்போ ஆட்சியில இருந்தது காங்கிரஸ் கூட்டணி. 2018 மார்ச் 14ல மறுபடி, அப்போ பாஜக. அந்த 2018 நமக்கு இன்னும் கிட்டக்க வருது, ஏன்னா அன்னைக்கு சபையோட நடுவுல வந்து நின்னவங்கள்ல நம்ம தமிழ்நாட்டு அதிமுக எம்.பி.ங்களும் உண்டு, காவிரி மேலாண்மை வாரியம் வேணும்னு கேட்டு நின்னாங்க. மேட்டூர் அணைய தெனமும் பாக்குற ஊரு நாம, அந்தக் கோரிக்கை தப்புன்னு நம்ம ஊர்ல ஒருத்தர்கூட சொல்ல மாட்டோம், நானும் சொல்ல மாட்டேன். ஆனா தண்ணிக்காக நின்ன அதே நாள்ல நீர்வளத் துறைக்கு எவ்வளவு, விவசாயத்துக்கு எவ்வளவுங்கறது அரைமணி நேரத்துக்குள்ள கேள்வியே இல்லாம பாஸ் ஆகிப் போச்சு.

இதக் கேட்டதும் நம்மாளுங்க ஒடனே சொல்றது, "இந்தக் கட்சிச் சண்டையே வேண்டாம் சார், எல்லாரும் ஒத்துமையா நல்லது பண்ணா போதும்". நான் அத ஒத்துக்கவே மாட்டேன். கட்சிச் சண்டை இல்லன்னா நம்ம ஸ்டீல் பிளான்ட்டே கெடையாது. ஐயா நீங்க தலைய ஆட்டுறீங்க, உங்களுக்குத் தெரியும். 1967ல அண்ணா முதலமைச்சரா வந்த கொஞ்ச மாசத்துலயே சேலம் உருக்காலையும் தூத்துக்குடி துறைமுகமும் சேது திட்டமும் வேணும்னு எழுச்சி நாள் நடத்தினாங்க, டெல்லி அசையல. 1969ல காங்கிரஸ் ரெண்டா உடைஞ்சுது, இந்திரா காந்திக்கு சபையில மெஜாரிட்டி இல்லாமப் போச்சு, திமுக எம்.பி.ங்களோட ஆதரவு தேவைப்பட்டுச்சு. 1970 ஏப்ரல்ல சேலம், விசாகப்பட்டினம், ஹோஸ்பேட் மூணு எடத்துலயும் உருக்காலை வரும்னு பார்லிமெண்ட்ல அறிவிச்சாங்க, அதே வருஷம் செப்டம்பர்ல இங்க வந்து அடிக்கல் நாட்டினாங்க, 1981ல உற்பத்தி ஆரம்பிச்சுது. பின்னாடி அத தனியாருக்கு விக்கிறேன்னு சொன்னப்போ நீங்கதான் ரோட்டுக்கு வந்தீங்க. பணம் எங்க போகணும்கறதுல சண்டை வரத்தான் செய்யும், வரணும். எதப் பத்தி சண்டை போடுறாங்கங்கறதுதான் கேள்வி.

1963ல ஒரு சண்டை நடந்துச்சு. சோசலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா அப்போதான் இடைத்தேர்தல்ல ஜெயிச்சு உள்ள வந்திருந்தாரு. எழுந்து நின்னு சொன்னாரு, இந்த நாட்டுல 27 கோடி பேரு ஒரு நாளைக்கு மூணணாவுல (பதினாறு அணா சேந்தா ஒரு ரூபா) வாழறான், பிரதமருக்கு ஒரு நாளைக்கு 25,000 ரூபா செலவாகுதுன்னு. நேரு எழுந்து மூணணா இல்ல, பதினஞ்சணான்னாரு. யாரு கணக்கு சரிங்கறது தனி விஷயம், ஆனா யோசிச்சுப் பாருங்க, நாட்டோட பிரதமரும் ஒரு புது எம்.பி.யும் ஒரு ஏழையோட ஒரு நாள் வருமானம் எத்தன அணான்னு சபையில நின்னு வாதாடிருக்காங்க. அதுவும் கடுமையான கட்சிச் சண்டைதான். எனக்கு அந்தச் சண்டை வேணும்.

அதுக்கு முன்னாடி 1957 டிசம்பர்ல எல்.ஐ.சி. பணத்த முந்த்ராங்கற தொழிலதிபரோட கம்பெனி ஷேர்ல போட்டத சபையில கிளப்பினது யாருன்னா பெரோஸ் காந்தி, காங்கிரஸ் எம்.பி., நேருவோட சொந்த மருமகன். ஒண்ணேகால் கோடி ரூபா கிட்ட. மக்களோட பிரீமியப் பணம். விசாரணை கமிஷன் வந்துச்சு, 1958 பிப்ரவரில நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா பண்ணாரு. தன் கட்சி ஆட்சிய, மாமனார் ஆட்சிய, கணக்க வெச்சுக் கேட்டாரு அந்த மனுஷன். இப்போ ஒரு எம்.பி. அந்த அளவுக்குப் போகணும்னா ரொம்ப யோசிப்பாரு, 1985ல கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்துச்சு, இப்படி ஓட்டு போடணும்னு கட்சி சார்பா உத்தரவு போடுற கொறடா சொன்னதுக்கு எதிரா ஓட்டு போட்டா பதவியே போயிடும். கட்சி மாறி விலை போறத தடுக்கக் கொண்டு வந்த சட்டம்தான், அந்த நோக்கத்த நான் மதிக்கிறேன். ஆனா பட்ஜெட் ஓட்டெடுப்புலயும் அது கையக் கட்டிடுது. வாய கட்டலையே, பேசலாமே, அதத்தான் நான் கேக்குறேன்.

நூறு நாள் வேலையையே எடுத்துக்குங்க. அக்கா, நீங்க எல்லாரும் போயிருக்கீங்க. 2015ல பிரதமர் மோடி லோக்சபாவுல, காங்கிரஸோட தோல்விக்கு உயிருள்ள நினைவுச்சின்னமா இந்தத் திட்டத்த வெச்சிருப்பேன்னு பேசினாரு. 2020ல கொரோனா வந்துச்சு, ஊர்ப்பக்கம் திரும்பி வந்த சனங்களுக்கு வேற வழியில்ல, அதே அரசாங்கம் அதே திட்டத்துக்கு கூடுதலா 40,000 கோடி ஒதுக்குச்சு. நல்லதுதான். அப்புறம் 2022-23 பட்ஜெட்ல 73,000 கோடி வெச்சது 2023-24ல 60,000 கோடியா குறைஞ்சுது. ஏன் குறைச்சீங்க, வேலை கேக்குறவங்க குறைஞ்சுட்டாங்களான்னு ஊரக வளர்ச்சித் துறையோட மானியக் கோரிக்கையில எடுத்துப் பேசிருக்கணும். அதுதான் அந்த மார்ச் 23 சாயங்காலம். பேசல. பிப்ரவரில பொது விவாதத்துல சில பேரு பேசினாங்க, அத நான் மறைக்கல, ஆனா பொதுவா பேசுறது வேற, அந்தத் துறை அமைச்சர உக்கார வெச்சு பதில் வாங்குறது வேற.

பட்டறைக்காரங்க உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல, 2024 ஜூலை பட்ஜெட்ல வெள்ளி இறக்குமதி வரிய 15 சதவீதத்துல இருந்து 6 சதவீதமா ஒரே நாள்ல குறைச்சாங்க, புதுசா வெள்ளி வாங்குறவருக்கு லாபம், பழைய விலைக்கு வாங்கின கட்டியும் செஞ்சு வெச்ச கொலுசும் கையில இருந்தவருக்கு அன்னைக்கே அடி. டெல்லியில ஒரு பாரா, இங்க ஒரு குடும்பத்தோட தீபாவளி.

நாம எம்.பி.கிட்ட என்ன கேக்குறோம்? பஸ் ஸ்டாப்புக்கு நிழற்குடை, கோயில் பக்கம் ஹைமாஸ் லைட்டு. அது தொகுதி மேம்பாட்டு நிதி, வருஷத்துக்கு 5 கோடி. ஆனா நான் ஒரு நாள் உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேன், 45 லட்சம் கோடிய 543 எம்.பி.ங்களால வகுத்தா ஒருத்தர் தலைக்கு 8,200 கோடிக்கு மேல வருது. அந்த 8,200 கோடிக்கு அவரு கை தூக்குறாரு, நாம 5 கோடிக்கு மட்டும் அவர் வீட்டு வாசல்ல நிக்கிறோம். அஞ்சு வருஷம் முடிஞ்சதும் நிழற்குடையில பேரு இருக்கான்னு பாத்து ஓட்டு போடுறோம். இது அவங்க தப்பு மட்டும் இல்லங்க.

பேசி முடிச்சப்புறம் நாகலூர் அக்கா ஒருத்தங்க எழுந்து கேட்டாங்க, "தம்பி, எங்க எம்.பி. சேலத்துல இருக்கறவரா, அவர எங்க போயி பாக்குறது?" ஏற்காடு சேலம் மாவட்டம்தான், ஆனா எம்.பி. தொகுதின்னு வந்தா கள்ளக்குறிச்சி, 2008 தொகுதி மறுசீரமைப்புல இருந்து அப்படித்தான். கூட்டத்துல பாதிப் பேருக்கு அது தெரியல. அக்காவுக்கு நான் சொன்னது இதுதான்: பட்ஜெட் பிப்ரவரி 1ல வெக்கிறாங்க, கொஞ்ச நாள்ல சபைக்கு லீவு விட்டுட்டு மார்ச்லதான் திரும்பக் கூடுறாங்க, அந்த இடைவெளியில எம்.பி.ங்க தொகுதிக்கு வருவாங்க, எம்.பி.ங்க அடங்கின நிலைக்குழுக்கள் துறைவாரியா கணக்கப் பாக்குறதும் அப்போதான். அப்போ போங்க. நிழற்குடை மனுவோட சேத்து இன்னொரு தாளும் கொடுங்க, அதுல ரெண்டே வரி போதும், பழங்குடியினர் நலத்துறை, ஊரக வளர்ச்சித் துறை மானியக் கோரிக்கையில நீங்க பேசுவீங்களா, போன வருஷம் பேசினீங்களான்னு. பார்லிமெண்ட் வெப்சைட்ல அவர் பேசினது எல்லாம் தேதியோட இருக்கு, எடுக்கத் தெரியலன்னா நான் பிரிண்ட் போட்டுத் தரேன்னேன். அக்கா நம்பர் வாங்கிட்டுப் போனாங்க, பிப்ரவரி மொத வாரத்துல போன் பண்றேன்னு சொல்லிருக்காங்க.