டிரங்க் அண்ட் டிரைவ் கேஸ்: சென்னையில் கோர்ட் ஆவணத்தைத் தேடுவதும் வாங்குவதும்

[திரை: இரவு நேரம், வேளச்சேரி பக்கம் ஒரு சாலை, போலீஸ் தடுப்பு, வரிசையாக நிற்கும் வண்டிகள்]

வணக்கம். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. கோர்ட் வழக்குகளின் விவரத்தைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் எடுத்தது. கார்த்திக் என்று ஒரு பெயர், மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 185 (அதாவது குடித்துவிட்டு வண்டி ஓட்டியது), வழக்கு முடிந்தது. கீழே ஒரே ஒரு வரி: "நம்ம ஸ்கூல் வேன் டிரைவர் இவர்தான், பிள்ளைகளை இனி அனுப்பாதீங்க." மறுநாள் காலையில் வேன் வரவில்லை. வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சார், நான் குடிக்கவே மாட்டேன் சார். என் பெயர்ல எப்படி கேஸ் வரும்?" அதைத் தாண்டி அவருக்குப் பேச்சு வரவில்லை.

குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர் குடித்து மாட்டியவரா என்று கேட்க எந்தப் பெற்றோருக்கும் உரிமை இருக்கிறது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கேட்கிற இடம் கைப்பேசித் திரை இல்லை. திரையில் ஒரு பெயரும் ஒரு பிரிவும்தான் இருக்கும். அந்த ஆள் யார், கோர்ட் என்ன சொன்னது என்பதெல்லாம் கோர்ட் முத்திரை வைத்துக் கொடுக்கும் காகிதத்தில்தான் இருக்கும். அதை வாங்கும் வழியைத்தான் இந்த வீடியோவில் சொல்லப் போகிறேன்.

[திரை: ஊதும் கருவி, அதிலிருந்து வரும் சின்னச் சீட்டு]

முதலில் கேஸ் எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிடுவோம், அது தெரிந்தால்தான் ஆவணம் எங்கே இருக்கும் என்று தெரியும். போலீஸ் ஊதச் சொல்கிறார்கள். 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் பிரிவு 185 பாயும். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த தடவை மாட்டினால் 15,000 ரூபாய், அல்லது 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹெல்மெட் போடாததற்கு ரோட்டிலேயே அபராதம் கட்டிவிட்டுப் போகிற மாதிரி இதைப் போலீஸோடு முடித்துக்கொள்ள முடியாது. போலீஸ் மட்டத்தில் தீர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் பட்டியல் போட்டிருக்கும் குற்றங்களில் 185 இல்லை. ஆக, மாஜிஸ்திரேட் முன்னால்தான் முடியும், கோர்ட்டில் ஒரு எண்ணும் ஒரு உத்தரவும் கட்டாயம் இருக்கும்.

அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் தடுமாறுவது இங்கேதான். யார் மீதும் மோதாமல், ஊதி மாட்டிக்கொண்ட கேஸ் மட்டும் என்றால் அது பெரும்பாலும் சுருக்க விசாரணை வழக்கு, கோர்ட்டில் எஸ்.டி.சி. என்பார்கள். எஸ்.டி.சி. எண், பக்கத்தில் வருடம். குடித்துவிட்டு ஓட்டி யாரையாவது இடித்திருந்தால் கதையே வேறு. அப்போது எஃப்.ஐ.ஆர். இருக்கும், அதற்குக் குற்ற எண் இருக்கும், குற்றப்பத்திரிகை போன பிறகு கோர்ட்டில் சி.சி. என்கிற வழக்கு எண் விழும். இது போக, இ-கோர்ட்ஸில் ஏறிய ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு சி.என்.ஆர். எண் உண்டு, தமிழ்நாட்டு வழக்கு என்றால் டி.என். என்று தொடங்கும். இது கையில் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை, நேராக அந்த வழக்கில் போய் நிற்கலாம்.

[திரை: இ-கோர்ட்ஸ் தளம், மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் தேர்வு செய்யும் பகுதி]

எண் எதுவும் இல்லையா? சரி, தேடலாம். இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் என்று தளமும் இருக்கிறது, ஆப்பும் இருக்கிறது, இரண்டும் இலவசம். மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். சென்னை என்றால் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் என்று வளாகம் வளாகமாகப் போய்ப் பார்க்க வேண்டும். எந்த ஸ்டேஷன் எல்லையில் பிடித்தார்கள் என்று தெரிந்தால் பாதி அலைச்சல் குறையும். இன்னொரு விஷயம், நாம் வாய்க்கு வந்தபடி எல்லாவற்றையும் சென்னை என்கிறோம், கோர்ட் அப்படிப் பார்க்காது. தாம்பரம் கோர்ட் செங்கல்பட்டு மாவட்டத்தில் வரும், பூந்தமல்லி கோர்ட் திருவள்ளூரில் வரும். சென்னை மாவட்டத்தில் தேடிவிட்டு ஒன்றுமே இல்லை என்று நிம்மதியாகப் போனவர்களை எனக்குத் தெரியும்.

பெயரை வைத்துத் தேடும்போது வருடம் கொடுக்க வேண்டும், பெயரில் குறைந்தது மூன்று எழுத்து வேண்டும். நிலுவையில் உள்ளவை, முடிந்தவை, இரண்டும் என்று மூன்று வாய்ப்பு காட்டும். இந்த வழக்குகள் சீக்கிரமே முடிந்துவிடும், பல பேர் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிடுவார்கள். அதனால் நிலுவையில் உள்ளவற்றை மட்டும் பார்த்தால் எதுவும் வராது. 'இரண்டும்' என்பதைத் தட்டுங்கள்.

அடுத்தது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்கிறவர் ஒரு நாள் இனிஷியலை முன்னால் போடுவார், ஒரு நாள் பின்னால் போடுவார், சில நாள் போடவே மாட்டார். கார்த்திக் என்பதை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுவார்கள், செந்திலில் ஒரு 'ஹெச்' இருக்கும், இருக்காது. எழுத்தை மாற்றி மாற்றித் தேடிப் பாருங்கள். அதே காரணத்துக்காகத்தான் சொல்கிறேன், பெயர் பொருந்திவிட்டது என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இந்த ஊரில் எத்தனை கார்த்திக், எத்தனை செந்தில்குமார்! தகப்பன் பெயர், வயது, முகவரி, வண்டி எண், லைசென்ஸ் எண், இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகாமல் ஒரு மனிதர் மீது பழி போடுவது பெரிய பாவம்.

வண்டி எண் தெரியுமென்றால், போக்குவரத்து அபராதச் சீட்டுகளைக் காட்டும் பரிவாகன் இ-சலான் தளத்திலும் பார்க்கலாம், வண்டி எண்ணோடு சேஸிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி இலக்கங்களும் கேட்கும். அதாவது அது வண்டிக்காரருக்கானது, அடுத்த வீட்டுக்காரருக்கு இல்லை. போக்குவரத்து வழக்குகளுக்கு, இணையத்திலேயே நடக்கும் விர்ச்சுவல் கோர்ட்டின் தளமும் தனியாக இருக்கிறது, சலான் அங்கே போயிருந்தால் அதில் தெரியும். இவை எதிலும் கிடைக்கவில்லை என்பதால் வழக்கே இல்லை என்று ஆகிவிடாது, பழைய சின்ன வழக்குகள் எல்லாம் இணையத்தில் ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. அப்புறம், சின்ன வழக்குகளின் கட்டுகளைக் கோர்ட் காலம் முழுக்க வைத்திருக்காது, விதிப்படி சில வருடங்கள் கழித்து அழித்துவிடுவார்கள். உங்களுக்கு ஒரு நகல் தேவைப்படும் என்று தோன்றினால் இப்போதே வாங்கி வையுங்கள்.

[திரை: நகல் மனு படிவம், கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப்]

இனி கோர்ட்டுக்குப் போவோம். போய் நிற்க வேண்டிய இடம் நகல் பிரிவு. கொடுக்க வேண்டியது நகல் மனு. அதில் கோர்ட் பெயர், வழக்கு எண், வருடம், இரு தரப்புப் பெயர், உத்தரவு தேதி, எந்த ஆவணத்தின் நகல் வேண்டும் என்று எழுதி, கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுக்க வேண்டும். "வழக்கு ஆவணம் வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் திருப்பிவிடுவார்கள். தீர்ப்பா, ஊதும் கருவியில் வந்த சீட்டா, மருத்துவச் சான்றா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவரே கேட்டால் பெரிய சிக்கல் இல்லை. சிறைத்தண்டனை விதித்திருந்தால் தீர்ப்பின் நகலை உடனே இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். வழக்கில் சம்பந்தமே இல்லாத மூன்றாம் ஆள் கேட்டால், ஏன் வேண்டும் என்று காரணம் எழுதி மனுவோடு பிரமாணப் பத்திரமும் வைத்துக் கேட்க வேண்டியிருக்கும், மாஜிஸ்திரேட் அனுமதித்தால்தான் நகல். இங்கே "தெரிந்துகொள்ள ஆசை" என்பதெல்லாம் காரணமே இல்லை.

ஆர்.டி.ஐ. போட்டு வாங்கிவிடலாமே என்று நிறைய பேர் கேட்கிறார்கள். முடியாது. கோர்ட் ஆவணத்தின் நகலைக் கோர்ட் விதிகளின்படிதான் வாங்க வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக அல்ல என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு பகுதியில் மொத்தம் எத்தனை வழக்கு போட்டார்கள் என்பது மாதிரியான எண்ணிக்கையைப் போலீஸிடம் ஆர்.டி.ஐ. போட்டுக் கேட்கலாம், அதற்கு அது நல்ல ஆயுதம்.

[திரை: அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவு வாசல்]

இந்த இடத்தில் நிதானித்து, குடித்தவன் ஓட்டிய வண்டியில் அடிபட்டவர்களின் குடும்பத்தாரிடம் பேச வேண்டும். நீங்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசம், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 173-ல் இருக்கிறது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் உங்களுக்குச் சொல்ல வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவர் கோர்ட்டில் ஆஜரான 14 நாளுக்குள் குற்றப்பத்திரிகையும் கூட உள்ள ஆவணங்களும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும், ஆனால் உங்கள் சார்பில் வக்கீல் ஒருவர் ஆஜராகியிருக்க வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100-ல் கூப்பிடுங்கள்.

தமிழ்நாடு போலீஸின் இணையதளத்திலேயே எஃப்.ஐ.ஆரைப் பார்க்கலாம், விபத்து வழக்கு ஆவணங்களைக் கட்டணம் கட்டி இறக்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. குடித்திருந்தார் என்பதை நிரூபிக்கும் காகிதம் எது என்று தெரிந்து கேளுங்கள். அரசு மருத்துவமனையில் அன்றைக்கு ராத்திரி எழுதிய விபத்துப் பதிவேடு, ஏ.ஆர். காப்பி என்பார்கள், அதில் மது வாடை வந்தது என்று டாக்டர் எழுதியிருக்கலாம். ரத்தம் எடுத்திருந்தால் மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறையின் அறிக்கை பிறகு வந்து வழக்கில் சேரும். குற்றப்பத்திரிகை வந்துவிட்டது என்று விட்டுவிடாமல், அந்த அறிக்கை வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது, எல்லாக் காகிதமும் சேரட்டும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

வேலைக்கு ஆள் சேர்க்கிறவர்களுக்கும் நேரான வழி ஒன்று இருக்கிறது. அதே போலீஸ் தளத்தில் நன்னடத்தைச் சரிபார்ப்புச் சேவை உண்டு. ஓட்டுநரின் சம்மதத்தோடு விண்ணப்பியுங்கள், போலீஸே பார்த்துச் சொல்வார்கள். இரவு பதினோரு மணிக்குக் குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

[திரை: சான்றிட்ட நகலின் பின்பக்கம், நெருக்கத்தில்]

இதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நகலின் கடைசிப் பக்கத்தில் ஒரு முத்திரை, அதில் வரிசையாகத் தேதிகள். மனு போட்ட தேதி, நகலுக்கான கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி. இரண்டாவது தேதிதான் ஆளைக் கவிழ்க்கும். எத்தனை பக்கம் என்று எண்ணிவிட்டு இவ்வளவு கட்டணம் கட்டு என்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள், போன் வராது. அதைப் பார்க்காமல் விட்டால் மனு அப்படியே தள்ளுபடி. தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு போக 30 நாள்தான், நகல் வாங்க ஆன நாட்களை அதில் கழித்துக் கொடுப்பார்கள், அந்தக் கணக்கும் இந்த முத்திரையை வைத்துத்தான். குற்றத்தை ஒத்துக்கொண்டவர் தண்டனையின் அளவையும் சட்டப்படி சரியா என்பதையும் தவிர வேறு எதையும் மேல்முறையீட்டில் கேட்க முடியாது, ஒத்துக்கொள்ளும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கள் ஓட்டுநர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் குற்றம்சாட்டப்பட்டவரே இல்லை, அதனால் அந்த வழக்கில் அவர் மூன்றாம் ஆள். தெரிந்த வக்கீல் அக்கா ஒருவர்தான் மனுவை எழுதினார்: "இந்த வழக்கில் உள்ள பெயரும் என் பெயரும் ஒன்றாக இருப்பதால் என் வேலை போய்விட்டது." இதுதான் காரணம். அனுமதி கிடைத்தது. அடுத்து வந்த நாட்களில் தினமும் மதியம் அவரே போய் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு வருவார். நகல் வந்தபோது இரண்டே பக்கம். தகப்பன் பெயர் வேறு, வயது பதினோரு வருடம் வித்தியாசம், லைசென்ஸ் எண் வேறு. குற்றத்தை ஒத்துக்கொண்டு 10,000 ரூபாய் கட்டியிருந்தது வேறு ஒரு கார்த்திக்.

குரூப்பில் அதைப் போட்டுவிடலாம் என்று நான் போனை எடுத்தேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் சார், அந்த ஆளும் எங்கேயாவது வண்டி ஓட்டிப் பிழைக்கிறவராத்தான் இருப்பார்." சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போய் அவருடைய லைசென்ஸையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம், அந்த இன்னொருவரின் முகவரி இருந்த இடத்தை எங்கள் ஓட்டுநர் தன் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டிருந்தார். செயலாளர் இரண்டு தடவை படித்தார். திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு வேன் வழக்கமான இடத்தில் வந்து நின்றது.